சாயும் சுவரும் ஒடுங்கும் சுவரும்: கணிப்பொறியில் கட்டடம் வரைதல் குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

சுவர் என்றால் நேராக நிற்பது என்பதே நம் எல்லோருடைய எண்ணமும். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பதும், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும் சுவர் ஒரு நூலளவும் சாயாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே. அரண்மனைக்கு இடம் வகுக்கும்போது மனைநூல் வல்லார் நூலிட்டு அளந்து திசை பார்த்த செய்தியை நெடுநல்வாடை கூறுகின்றது. நேர்மைக்கும் கட்டடத்திற்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது.

ஆயினும், வேண்டுமென்றே சாய்வாக எழுப்பப்பட்ட சுவர்களும் உலகெங்கும் உள்ளன. எகிப்தின் கோயில் வாயில்கள், தில்லியின் துக்ளக் காலத்துக் கோட்டைகள், இக்காலத்து வானளாவிய மாளிகைகள் எனப் பலவற்றைக் காட்டலாம். இத்தகைய சுவரைக் கணிப்பொறியில் வரைவது எவ்வாறு என்பதும், அவ்வாறு வரையும்போது நாம் எங்கே பிழைபடுகின்றோம் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என ஒருவர் வினவலாம். காரணம் உண்டு. நம் ஊரைச் சேர்ந்த, கட்டடக்கலை பயிலும் மாணவர் ஒருவர் கண்காட்சி ஒன்றிற்காகத் தில்லியிலுள்ள கியாசுத்தீன் துக்ளக்கின் கல்லறை மாடத்தைக் கணிப்பொறியில் வரைந்திருந்தார். படங்களுக்குத் தமிழில் விளக்கக் குறிப்புகள் வேண்டும் என்று நம்மிடம் வந்தார். வெளித்தோற்றம் மிக அழகாக அமைந்திருந்தது. உடனிருந்த பெரியவர் ஒருவர், தில்லிக்குச் சென்று அம்மாடத்தை நேரில் கண்டவர், ‘தம்பி, உள்ளே எப்படி இருக்கிறது, காட்டுங்கள்’ என்றார். மாணவர் உட்புறத்தைக் காட்டினார். நான்கு சுவர்களும் கூடாரத்துணி போல உள்நோக்கிச் சரிந்து நின்றன. ‘நான் பார்த்த இடம் இதுவன்று. உள்ளே சுவர் நேராகத்தான் இருக்கும்’ என்றார் பெரியவர்.

மாணவர் கோணத்தில் பிழை செய்யவில்லை. எண்ணிலும் பிழை செய்யவில்லை. இரண்டு வேறு சுவர்களுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்தியதே பிழை. எனவே இது கணிப்பொறியின் சிக்கல் மட்டுமன்று, சொல்லின் சிக்கலுமாகும்.

கணிப்பொறி சுவரை அறியும் முறை

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ கணிப்பொறி வரைவின் தொடக்கங்களுள் முதன்மையானது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆட்டோகேட்’ வரைபலகையின் இடத்தைக் கணிப்பொறிக்குக் கொடுத்தது. ஆனால் அதில் வரையப்பட்ட சுவர் பெரும்பாலும் இரண்டு கோடுகளே. அது சுவர் என்பது மனிதனுக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது.

அங்கேரி நாட்டின் ‘ஆர்க்கிகேட்’, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ரெவிட்’ போன்ற மென்பொருள்கள் இந்நிலையை மாற்றின. இவற்றில் சுவர் என்பது கோடு அன்று, ஒரு பொருள். அதற்குத் தடிப்பு உண்டு, உயரம் உண்டு, செங்கல், பூச்சு என அடுக்குகள் உண்டு. அதில் கதவை வைத்தால் சுவர் தானே வழிவிடும். சுவரை நகர்த்தினால் கதவும் உடன் நகரும். எத்தனை சதுர அடி பூச்சு வேலை என்று கேட்டால் அட்டவணையாகத் தரும்.

ஆனால் இந்த அறிவுக்கு ஓர் எல்லை இருந்தது. சுவர் என்பதைக் கணிப்பொறிக்குக் கற்பித்தவர்கள், ‘தரையில் ஒரு கோடு, அதற்கு ஒரு தடிப்பு, அதனைச் செங்குத்தாக மேலே உயர்த்து’ என்றே கற்பித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சுவர்களுக்கு இவ்விளக்கம் போதும். சாய்ந்த சுவருக்குப் போதாது. ரெவிட்டில் சாய்சுவரை நேரடியாக வரையும் வசதி அதன் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு, சாய்ந்த வடிவுடைய ஒரு திண்மத்தை முதலில் அமைத்து, அதன் முகத்தின்மீது சுவரை ஒட்டவைக்கும் சுற்றுவழியையே கையாண்டனர். ஆர்க்கிகேடில் இவ்வசதி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

இருவகைச் சுவர்கள்

இங்கே நாம் இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வோம்.

1. சாய்சுவர்: இதன் உள்முகமும் வெளிமுகமும் ஒன்றற்கொன்று இணையானவை. அடி முதல் முடி வரை தடிப்பு மாறுவதில்லை. முழுச்சுவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு புத்தகத்தை அலமாரியில் சாய்த்து வைத்தாற்போன்றது இது.

2. ஒடுங்குசுவர்: இதன் இரு முகங்களும் இணையானவையல்ல. அடியில் தடித்து, மேலே செல்லச் செல்ல ஒடுங்கும். ஒரு முகம் செங்குத்தாகவும் மறுமுகம் சரிவாகவும் இருக்கலாம். இரண்டும் சரிவாகவும் இருக்கலாம். மரம் பிளக்கும் ஆப்பினைத் தலைகீழாக நிறுத்தினாற்போன்றது இது.

வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். உள்ளே சென்றால்தான் வேறுபாடு விளங்கும். நம் கொத்தனார்கள் ‘சுவர் சாஞ்சிருக்கு’ என்பதையும் ‘சுவர் உள்வாங்கி ஏறுது’ என்பதையும் ஒருபொருளில் ஆள்வதில்லை. முன்னது பழி, பின்னது வேலைத்திறம். ஏடு கற்ற நாம்தான் இரண்டையும் ‘சாய்வு’ என்ற ஒரு சொல்லால் மூடிவிடுகின்றோம்.

துக்ளக் காலத்துச் சான்று

1320 முதல் 1325 வரை தில்லியை ஆண்ட கியாசுத்தீன் துக்ளக், துக்ளகாபாத் கோட்டையை எழுப்பியவர். கோட்டைக்கு எதிரே, அந்நாளில் நீர் சூழ்ந்திருந்த இடத்தில், அவருடைய கல்லறை மாடம் தனிச்சிறு கோட்டை போன்ற ஐங்கோண மதிலுக்குள் அமைந்துள்ளது. கோட்டையிலிருந்து அங்குச் செல்ல உயர்த்திக் கட்டிய பாதை ஒன்று உண்டு. செம்மணற்கல்லாலும் வெண்சலவைக்கல்லாலும் ஆன இம்மாடத்தின் அடிப்பக்கம் ஏறத்தாழ 61 அடிச் சதுரம். வெளிச்சுவர்கள் தரையோடு ஏறத்தாழ 75 பாகைக் கோணத்தில் உள்வாங்கி எழுகின்றன. உச்சியில் வெண்சலவைக்கல் கும்மட்டம் அமர்ந்துள்ளது.

இச்சுவர் சாய்சுவரன்று, ஒடுங்குசுவராகும். வெளிமுகம் சரிய, உள்முகம் நேராக நிற்கின்றது. கும்மட்டம் தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை. பக்கவாட்டிலும் சுவரை வெளியே தள்ளுகின்றது. அத்தள்ளலைத் தாங்கச் சுவரின் அடி தடித்திருத்தல் வேண்டும். அடியை அகற்றி முடியை ஒடுக்கிய அமைப்பு, தள்ளும் விசையைச் சுவரின் உடலுக்குள்ளேயே தரைக்கு இறக்கிவிடுகின்றது. முல்தான் நகரிலுள்ள ருக்னே ஆலம் மாடத்தின் மூலைத்தூண்களிலும் இவ்வாறு ஒடுங்கும் அமைப்பைக் காணலாம். அங்குச் செங்கல், இங்குக் கல், முறை ஒன்றே.

எனவே மாணவர் வரைந்த படத்தில் ஒடுங்குசுவர் சாய்சுவராக மாறியபோது, அழகு மட்டும் கெடவில்லை. கட்டியவர்களின் அறிவு முழுவதும் மறைந்துபோயிற்று. பழைய கட்டடங்கள் சிதையும் காலத்தில், படங்களே அவற்றின் நினைவாக எஞ்சும். படம் பொய்த்தால் நினைவும் பொய்க்கும்.

வரையும் முறை

சாய்சுவரை ரெவிட்டில் வரைவது எளிது. வழக்கம்போல் சுவரை வரைந்து, அதன் பண்புப் பட்டியலில் குறுக்குவெட்டு என்னும் இடத்தில் ‘செங்குத்து’ என்றிருப்பதைச் ‘சாய்வு’ என மாற்றி, செங்குத்திலிருந்து எத்தனை பாகை எனக் கொடுத்தால் போதும். கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதைப் பொறுத்துச் சுவர் உள்ளோ வெளியோ சாயும்.

ஒடுங்குசுவருக்கு வழி வேறு. இவ்வசதி 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதில் முதலில் சுவரின் அடுக்குகளுள் எந்த அடுக்கின் தடிப்பு மாறலாம் என்பதைக் குறிக்க வேண்டும். பூச்சின் தடிப்பு மாறாது. அகத்தேயுள்ள கல்லின் தடிப்பே மாறும். பின்னர் வெளிமுகக் கோணத்தையும் உள்முகக் கோணத்தையும் தனித்தனியே கொடுக்க வேண்டும். சுவரின் அகலம் எந்த இடத்தில் அளக்கப்படுகின்றது என்பதையும் சொல்ல வேண்டும். நம் துக்ளக் மாடத்திற்கு வெளிமுகம் 15 பாகை, உள்முகம் 0 பாகை என்பதே சரியான விடை.

ஆர்க்கிகேடில் சுவரின் வடிவம் நேர்ச்சுவர், சாய்சுவர், இருமுகச் சாய்சுவர், சிக்கலான குறுக்குவெட்டுடைய சுவர் என நான்காகப் பகுக்கப்பட்டுள்ளது. நாம் ஒடுங்குசுவர் என்பதை அங்கு மூன்றாம் வகையில் அடக்கலாம்.

இங்கே கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ரெவிட் கோணத்தைச் செங்குத்திலிருந்து அளக்கின்றது; அதில் நேர்ச்சுவர் 0 பாகை. ஆர்க்கிகேட் கோணத்தைக் கிடைத்தளத்திலிருந்து அளக்கின்றது. அதில் நேர்ச்சுவர் 90 பாகை. எனவே ஒரே துக்ளக் சுவரின் வெளிமுகம் ஒன்றில் 15 என்றும் மற்றொன்றில் 75 என்றும் எழுதப்படும். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் 75 என்றே கூறும். நூலில் கண்ட எண்ணை அப்படியே ரெவிட்டில் இட்டால் சுவர் ஏறத்தாழப் படுத்தே விடும்.

விலை கொடுத்து மென்பொருள் பெற இயலாத மாணவர்கள் ‘ஃப்ரீகேட்’ என்னும் இலவச மென்பொருளில் சுவரின் குறுக்குவெட்டை நான்கு கோடுகளால் வரைந்து, அதனை நீளவாக்கில் இழுத்து ஒடுங்குசுவரை அமைக்கலாம். இம்முறையில் நாமே குறுக்குவெட்டை வரைவதால், இரு முகங்களைப் பற்றியும் சிந்தித்தே ஆக வேண்டும். கற்பவருக்கு இதுவே நல்ல முறை என்பது நம் கருத்து.

கணக்கு

மென்பொருள் தானே கணக்கிடும் என்பது உண்மை. எனினும், அது தரும் விடை சரிதானா என்று பார்க்கும் அளவிற்கேனும் நாம் கணக்கு அறிந்திருத்தல் வேண்டும். பள்ளியில் பயின்ற முக்கோணவியலே இதற்குப் போதும்.

செங்குத்திலிருந்து 15 பாகை சாய்ந்த முகம், 10 அடி உயரத்தில் 2.68 அடி விலகி நிற்கும். 15 பாகையின் டேன்ஜன்ட் மதிப்பு 0.268 என்பதை உயரத்தால் பெருக்கினால் இவ்விடை கிடைக்கும். அம்முகத்தின் சரிவு நீளம் 10 அடியன்று, 10.35 அடி. எனவே 100 அடி நீளச் சுவருக்குப் பூச்சு 1,000 சதுர அடியன்று, 1,035 சதுர அடியாகும். மதிப்பீட்டில் இதனை மறந்தவர் கைப்பணத்தை இழப்பார்.

மூலையில் இன்னொரு நுட்பம் உண்டு. இரண்டு முகங்களும் 15 பாகை சாய்ந்து, சதுர மூலையில் கூடும்போது, அம்மூலைக்கோடும் 15 பாகைதான் சாயும் என்று எண்ணுவோம். அவ்வாறன்று. மூலை இரு திசைகளிலும் ஒருங்கே விலகுவதால் அதன் சாய்வு 20.75 பாகையாகும். மூலைக்கல்லை 15 பாகைக்குச் செதுக்கினால் அது பொருந்தாது. கணிப்பொறி இல்லாத காலத்தில் துக்ளகாபாத்தின் கல்தச்சர்கள் இம்மூலைகளைப் பொருத்தினார்கள் என்பதை எண்ணிப் பார்க்குங்கால் வியப்பு மேலிடுகின்றது.

தளப்படமும் அறைப்பரப்பும்

தளப்படம் என்பது கட்டடத்தை ஓர் உயரத்தில் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பதாகும். பொதுவாகத் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் வெட்டுவர். நேர்ச்சுவரை எங்கு வெட்டினாலும் ஒரே படம் வரும். சாய்சுவரை வெட்டும் உயரம் மாறினால் படமும் மாறும். 15 பாகைச் சாய்வில், 4 அடி உயரத்தில் வெட்டிய சுவர், தரையிலுள்ள இடத்திலிருந்து ஓர் அடிக்குமேல் விலகித் தெரியும். அப்படத்தைப் பார்த்து அடித்தளத்திற்கு வாணம் தோண்டினால் அடித்தளமே தவறான இடத்தில் அமையும். எனவே சாய்சுவருள்ள கட்டடத்திற்குத் தரைமட்டத்தில் வெட்டிய படம் ஒன்றைத் தனியே தருதல் இன்றியமையாதது.

அறைப்பரப்பிலும் இதே நிலைதான். 20 அடிச் சதுர அறை ஒன்றைக் கொள்வோம். தரையில் அதன் பரப்பு 400 சதுர அடி. நான்கு சுவர்களும் 15 பாகை உள்நோக்கிச் சாய்ந்தால், 5 அடி உயரத்தில் ஒவ்வொரு பக்கமும் 17.32 அடியாகக் குறையும். பரப்பு 300 சதுர அடியாகிவிடும். நாலில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. தரையில் இடம் உண்டு. ஆனால் அங்கு நிற்பவரின் தலை சுவரில் இடிக்கும். அறைப்பரப்பை எந்த உயரத்தில் கணக்கிட வேண்டும் என்று ரெவிட்டில் நாம் கட்டளையிடலாம். கட்டளையிடாவிட்டால் அது தரைமட்டத்தில் கணக்கிட்டு, 400 என்று மகிழ்ச்சியாகச் சொல்லும்.

கதவும் சன்னலும் மற்றொரு சிக்கல். சாய்சுவரில் கதவை வைக்கும்போது, சுவரோடு சேர்ந்து சாய்வதா, நேராக நிற்பதா என்று ரெவிட் வினவும். படத்தில் இரண்டும் நன்றாகவே தோன்றும். ஆனால் சாய்ந்த கீல்களில் மாட்டிய கதவு தன் எடையாலேயே ஒரு பக்கம் விழும். திறந்தால் திறந்த இடத்தில் நில்லாது. எனவே சன்னல் சுவரோடு சாயலாம். கதவு நேராக நிற்பதே முறை. அதற்கேற்பக் கதவைச் சுற்றி ஆழமான நிலைப்பெட்டி அமைத்தல் வேண்டும்.

நிற்குமா?

மிகப் பெரிய வினா இதுவே. கணிப்பொறியில் 15 என்று இட்டாலும் 50 என்று இட்டாலும் சுவர் நிற்கும். ஏனெனில் திரையில் புவியீர்ப்பு இல்லை. இம்மென்பொருள்களில் சுவரை வரையும் பகுதி அது விழுமா என்று ஆராய்வதில்லை. அது கட்டமைப்புப் பொறியாளர் தனியே கணக்கிட வேண்டியது.

ஸ்பெயின் நாட்டின் தலைநகர் மாட்ரிட்டில் ‘ஐரோப்பிய வாயில்’ எனப்படும் இரட்டைக் கோபுரங்கள் 1996ஆம் ஆண்டில் நிறைவுற்றன. 114 மீட்டர் உயரமுடைய அவை ஒன்றையொன்று நோக்கி 15 பாகை சாய்ந்துள்ளன. அடியிலிருந்து பார்க்க உச்சி ஏறத்தாழ 30 மீட்டர் வெளியே நீண்டு நிற்கின்றது. துக்ளக் மாடத்திலும் இதே 15 பாகைதான். ஆனால் அங்குச் சாய்வு கட்டடத்தை நிறுத்துகின்றது. இங்குச் சாய்வு கட்டடத்தை வீழ்த்த முயல்கின்றது. ஆதலால் மாட்ரிட் கோபுரங்களின் உச்சியிலிருந்து முறுக்கிய எஃகுக் கம்பிகளை இறக்கி, நிலத்தடியிலுள்ள பெரும் எதிரெடையோடு பிணைத்துள்ளனர்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர் பலர் அபுதாபியின் ‘கேபிட்டல் கேட்’ கோபுரத்தைக் கண்டிருப்பர். 160 மீட்டர் உயரமுள்ள இது மேற்கு நோக்கி 18 பாகை சாய்ந்துள்ளது. இதன் நடுத்தண்டினைத் தொடக்கத்தில் சாய்வுக்கு எதிர்ப்புறமாகச் சற்றே வளைத்துக் கட்டினர். மாடிகள் ஏறஏற, எடை கூடக்கூட, அத்தண்டு நேரானது. சாய்வின் விலையை முன்கூட்டியே கணக்கிட்டுச் செலுத்தியமைக்கு இது நல்ல சான்று.

எண் ஒன்றே, எண்ணுக்குப் பின்னாலுள்ள பொருள் வேறு. ஒன்று சுமக்கும் சாய்வு. மற்றொன்று சுமக்கப்படும் சாய்வு.

முடிவுரை

சாய்ந்த சுவரை வரையப் புகுவோர் விசைப்பலகையில் கை வைக்குமுன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம். எந்த முகம் சாய்கின்றது? கோணம் எதிலிருந்து அளக்கப்படுகின்றது? எடையைத் தாங்குவது யார்? இம்மூன்றிற்கும் விடை தெரிந்தபின் மென்பொருள் நல்ல பணியாளாகும். விடை தெரியாவிடின், நாம் சொன்ன பிழையை மிக அழகாக வரைந்து காட்டும் கருவியாகவே அது எஞ்சும்.

மேற்கூறிய மாணவர் தம் படத்தைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தார். உள்முகம் நேராக நின்றது. அடியில் சுவர் தன் முழுத் தடிப்பையும் காட்டியது. குறுக்குவெட்டுப் படத்தின் கீழ் ‘ஒடுங்குசுவர்’ என்று நாம் எழுதிக் கொடுத்தோம். பெரியவர் கண்ணாடியை உயர்த்திப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ‘இப்போது உள்ளே நிற்கலாம்’ என்றார்.

அறிவியல் தமிழ் என்பது புதுச்சொற்களை அடுக்கிவைப்பது அன்று. வேறுபட்ட இரண்டு பொருள்களை வேறுபட்ட இரண்டு சொற்களால் காட்டுவதே அதன் முதற்பணி. அப்பணியைக் கட்டடக்கலை மாணவரும் தமிழ் மாணவரும் கைகோத்துச் செய்தல் வேண்டும். வேலையிடத்தில் நிற்கும் கொத்தனாரிடம் கேட்டறியவும் நாம் தயங்குதல் கூடாது. நாம் தேடிய சொல்லின் பாதி அவரிடம் முன்பே இருந்தது.